வளவு முற்றத்தில் ஷேடோ பாக்ஸிங் பழகும் முறை

எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகும் ஷேடோ பாக்ஸிங்குக்குக் கையுறையோ மணல் மூட்டையோ தேவையில்லை. காலுக்குப் பிடிமானமுள்ள தரை போதும். செட்டிநாட்டு வீடுகளில் முதலில் கவனிக்க வேண்டியதும் அதுதான். கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்தெடுக்கும் ஆத்தங்குடித் தரைக்கல் புழங்கப் புழங்க வழவழப்பு ஏறுவது. அதன்மேல் காலுறையோடு நின்று இடுப்பைத் திருப்பினால் பின்கால் சறுக்கிவிடும். ஆகவே தாழ்வாரத்தை விட்டு இறங்கி, வீட்டு நடுவே வானம் பார்த்திருக்கும் வளவு முற்றத்தில் பழகுவது நல்லது.

வலக்கைப் பழக்கமுள்ளவர் இடக்காலை முன்வைத்து, கால்களைத் தோளகலத்துக்கு விரித்து, பின்குதிகாலைச் சற்றே உயர்த்தி, முஷ்டிகள் கன்னத்தையும் முழங்கைகள் விலாவையும் ஒட்டியிருக்க, தாடையைத் தாழ்த்தி நிற்க வேண்டும். முதல் ரவுண்டில் குத்தவே வேண்டாம் என்பேன். கம்பைச் சுழற்றுமுன் காலடி பழகிய சிலம்பக்காரர்களுக்கு இதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை. முன்னேறும்போது முன்காலும், பின்வாங்கும்போது பின்காலும் முதலில் நகர வேண்டும். கால்கள் பின்னிக்கொள்ளக் கூடாது.

இரண்டாம் ரவுண்டில் ஜாப் (முன்னிருக்கும் இடக்கையால் நேராக விடுவது), கிராஸ் (பின்னிருக்கும் வலக்கையால் நேராக விடுவது) ஆகிய இரண்டு குத்துகள் போதும். காற்றில் கையைத் தடுக்க எதுவும் இல்லாததால், முழு வேகத்தில் வீசினால் முழங்கை வெட்டி வலியெடுக்கும். கடைசி அங்குலத்தை நீட்டாமல் நிறுத்தி, மூச்சை வெளிவிட்டு, போன வழியிலேயே கையைக் கன்னத்துக்குத் திருப்ப வேண்டும். இளவெயில் முதுகில் படும்படி சுவரைப் பார்த்து நின்றால் பிழைகளை நிழலே காட்டிக்கொடுக்கும்: தலைக்கும் முஷ்டிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் கை இறங்கிவிட்டது என்று பொருள். ஒவ்வொரு கிராஸுக்கும் என் இடக்கை மார்புவரை சரிந்துகொண்டிருந்ததை, குத்தும் கையையே பார்த்திருந்த நான் பல மாதங்கள் அறியவில்லை. ஒருநாள் காலையில் சுவர்தான் காட்டியது.

மூன்றாம் ரவுண்டில்தான் எதிராளியைக் கற்பனை செய்ய வேண்டும். உங்களைவிட உயரமான ஒருவர் திருப்பிக் குத்துவதாக எண்ணி, ஒவ்வொரு அடுக்கு குத்துக்குப் பிறகும் தலையை நகர்த்தி, பக்கவாட்டில் ஓரடி விலகுங்கள். அமெச்சூர் போட்டிகளைப் போல 3 நிமிடம் ஆட்டம், 1 நிமிடம் ஓய்வு என்று 3 ரவுண்டுகள் வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் கையில் டம்பெல் பிடிப்பது தோளைத்தான் கெடுக்கும்.

வெயில் ஏறி நிழல் சுவரை விட்டு இறங்கிய பிறகு, எங்கள் வீட்டுப் பெல்ஜியம் கண்ணாடி பயன்படுவதில்லை. அது இடுப்புக்குக் கீழே எதையும் காட்டாது. கைபேசியைத் தூணடியில் சாய்த்துவைத்து ஒரு ரவுண்டைப் படம்பிடித்து, கால்களை மட்டும் பாருங்கள்.