டால்பட் ஹவுஸ் போகிறீர்களா? மாடியை விட்டுவிடாதீர்கள்

பெல்ஜியத்தின் ஈப்பர் நகரிலிருந்து ரயிலில் சுமார் 10 நிமிடம் மேற்கே போனால் போப்பரிங்க என்ற சிற்றூர். முதல் உலகப் போரில், 1915 டிசம்பரில், பிரிட்டிஷ் வீரர்கள் இளைப்பாற அங்கே ஒரு வீடு திறக்கப்பட்டது. ராணுவப் பாதிரியார் டபி கிளேட்டன் நடத்திய அந்த டால்பட் ஹவுஸில் அதிகாரியும் சிப்பாயும் ஒன்றுதான். பதவியை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். அந்தக் காலத்து ராணுவத்தில் இது சாதாரண விஷயமில்லை.

இன்று அருங்காட்சியகமாக இருக்கும் அங்கே பலர் கண்காட்சிப் பகுதியோடு திரும்பிவிடுகிறார்கள். பழைய வீட்டுக்குள் நுழைந்து, உச்சி மாடித் தேவாலயம் வரை ஏறுங்கள். முன்பு ஹாப்ஸ் (பீரில் சேர்க்கும் பூ) உலர்த்திய பரண் அது. தச்சரின் வேலைமேசைதான் பலிபீடம். கடைசிப் படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்தானது. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து ஏறவும்.

அப்புறம் சமையலறையில் தேநீர் தருவார்கள், வாங்கிக்கொண்டு தோட்டத்தில் உட்காருங்கள். திங்கட்கிழமை விடுமுறை. அங்கேயே இரவு தங்கவும் அறைகள் உண்டு, முன்பதிவு அவசியம். தங்காவிட்டால், இரவு 8 மணிக்கு ஈப்பரில் போரில் இறந்த வீரர்களின் நினைவுச் சின்னமான மெனின் வாயிலில் ஊதும் அஞ்சலி எக்காளத்துக்குத் திரும்பிவிடலாம்.