மேக்கில் ஷார்ட்கட்டை டெர்மினலிலிருந்து ஓட்டுவது எப்படி?

ஐபோன் படங்கள் ஐஓஎஸ் 11 (2017) வந்ததிலிருந்து பெரும்பாலும் ஹெச்இஐசி வடிவத்தில்தான் சேமிக்கப்படுகின்றன, ஆனால் நாம் நிரப்பும் எத்தனையோ இணையப் படிவங்கள் ஜேபெக் மட்டும்தான் ஏற்கும். ஒவ்வொரு படமாகத் திறந்து, அளவைக் குறைத்து, வடிவத்தை மாற்றி, மறுபடி சேமிக்கிற அந்த வேலையை டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து மேக்கை இயக்கும் ஆப்பில், ஒரே வரியில் முடித்துவிடலாம். நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மேக்ஓஎஸ் மான்டரே (2021) அல்லது அதற்குப் பின் வந்த பதிப்பு இருந்தால் போதும். பல செயல்களை வரிசையாகக் கோத்து ஒரே 'ஷார்ட்கட்' ஆக்கித் தரும் ஷார்ட்கட்ஸ் ஆப் மேக்குக்கு வந்தது அப்போதுதான், கூடவே அதே பெயரில் ஒரு டெர்மினல் கட்டளையும் வந்தது.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். ஷார்ட்கட்டின் பெயரை மட்டும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

படி 1: ஷார்ட்கட்டை உருவாக்குங்கள்

ஷார்ட்கட்ஸ் ஆப்பைத் திறந்து, கூட்டல் குறியை அழுத்தி, "படம் சுருக்கு" என்று பெயர் வையுங்கள். வலப்பக்கப் பட்டியலில் ரீசைஸ் இமேஜ் என்று தேடி உள்ளே இழுத்துப் போட்டு, அகலம் 1200, உயரம் ஆட்டோ என்று கொடுங்கள். எந்தப் படம் என்று கேட்கிற இடத்தில் ஷார்ட்கட் இன்புட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் டெர்மினலிலிருந்து நாம் அனுப்பும் கோப்பு அந்த வழியாகத்தான் உள்ளே வரும். அடுத்து கன்வர்ட் இமேஜ், வடிவம் ஜேபெக். இதிலேயே பிரிசர்வ் மெட்டாடேட்டா என்று ஒரு தேர்வு இருக்கும். அதை அணைத்துவிடுங்கள், படம் எடுத்த இடத்தின் விவரத்தை முகம் தெரியாதவர்களுக்கு ஏன் அனுப்ப வேண்டும்? கடைசியாக சேவ் ஃபைல்.

படி 2: கேள்வி கேட்கும் இடங்களை எல்லாம் மூடுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். சேவ் ஃபைலில் 'எங்கே சேமிப்பது என்று கேள்' என்ற பொருளில் ஒரு தேர்வு இயங்கிக்கொண்டிருக்கும். அதை அப்படியே விட்டால் டெர்மினலில் கட்டளை கொடுத்த பிறகும் ஒரு பெட்டி திரையில் வந்து உங்கள் பதிலுக்காக நிற்கும், நீங்கள் பார்க்காவிட்டால் வேலை அங்கேயே முடங்கிவிடும். அதை அணைத்து, சேமிக்க வேண்டிய ஃபோல்டரை நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். ஷோ அலர்ட், ஆஸ்க் ஃபார் இன்புட் போன்றவை இருந்தால் எடுத்துவிடுங்கள். யாரையும் எதுவும் கேட்காமல் முதலிலிருந்து கடைசிவரை தானாக ஓடுகிற ஷார்ட்கட்தான் டெர்மினலுக்கு ஏற்றது.

படி 3: டெர்மினலில் ஓட்டுங்கள்

முதலில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க:

ஷார்ட்கட்ஸ் லிஸ்ட்

பட்டியலில் "படம் சுருக்கு" தெரிந்தால் அடுத்து:

ஷார்ட்கட்ஸ் ரன் "படம் சுருக்கு" -ஐ

ஒற்றைக் கோடும் ஆங்கில ஐ எழுத்தும் 'உள்ளீடு இதோ' என்று சொல்வதற்கு. அதன்பின் ஒரு இடம் விட்டு, ஃபைண்டரிலிருந்து படத்தை அப்படியே டெர்மினலுக்குள் இழுத்து விடுங்கள், முழுப் பாதையும் தானாக விழும். பெயரில் இடைவெளி இருப்பதால் மேற்கோள் குறிகளை விட்டுவிடக் கூடாது, விட்டால் இரண்டாவது சொல்லைப் பெயரின் பகுதியாக எடுத்துக்கொள்ளாது. ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லாப் படங்களும் வேண்டுமென்றால், ஃபோல்டரை இழுத்துவிட்டு அதன் பின்னால் இடைவெளி இல்லாமல் ஒரு சாய்கோடும் நட்சத்திரக் குறியும் சேருங்கள்.

முதல் தடவை ஓட்டும்போது, இந்த ஃபோல்டரில் சேமிக்க அனுமதிக்கலாமா என்று மேக் கேட்கும். 'எப்போதும் அனுமதி' என்பதை அழுத்துங்கள். வேலை முடிந்ததும் டெர்மினல் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்துவிடும், அதனால் பயப்படாமல் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்.

வெறும் அளவு குறைப்பதற்கு மட்டும் என்றால் மேக்கில் ஏற்கெனவே சிப்ஸ் (எஸ்-ஐ-பி-எஸ்) என்ற கட்டளை இருக்கிறது, அதுவே போதும். ஆனால் மாற்றிய படத்தை மெயிலில் இணைப்பது, நோட்ஸில் ஒரு வரி சேர்ப்பது என்று ஆப்களைக் கோத்துக்கொண்டே போகும்போதுதான் ஷார்ட்கட்ஸின் அருமை தெரியும். இதே போல வேலைகளைத் தானாகச் செய்ய 2005-இலிருந்து மேக்கில் இருக்கும் ஆட்டோமேட்டர் ஆப்பில் நீங்கள் பழைய ஒர்க்ஃப்ளோ (செயல்களின் தொடர்) வைத்திருந்தால் அதையும் தூக்கிப் போட வேண்டாம். ஆட்டோமேட்டர் என்ற கட்டளைக்குப் பின்னால் அந்தக் கோப்பை இழுத்து விட்டால் அதுவும் ஓடும்.

சரி, தினமும் குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டுமென்றால்? குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் மேக்கின் லாஞ்ச்டியில் நேரம் குறித்து வையுங்கள். அந்த நேரத்தில் மேக் தூங்கிக்கொண்டிருந்தாலும் விழித்ததும் ஓட்டிவிடும், அதே வேலைக்கான பழைய கருவியான கிரான் அப்படிச் செய்யாது. எதுவானாலும் நீங்கள் லாகின் செய்திருக்க வேண்டும், அப்புறம் அனுமதிப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரு முறை கையால் ஓட்டிப் பதில் சொல்லி முடித்திருக்க வேண்டும்.