பொறியியல் கவுன்சலிங்: சாய்ஸ் ஃபில்லிங்கில் கோட்டை விடாதீர்கள்

நல்ல கட்-ஆஃப் இருந்தும் சுமாரான கல்லூரியில் போய்ச் சேரும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் சறுக்குவது சாய்ஸ் ஃபில்லிங்கில்தான், அதாவது வேண்டிய கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசைப்படுத்திப் பட்டியல் கொடுப்பதில்தான்.

தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங்கில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டு ரேங்க் தருகிறார்கள். உங்கள் முறை வரும்போது கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். இடம் இருக்கிற முதல் கல்லூரியை உங்களுக்குக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். சேலம் அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்க ஆசைப்படும் பையன், 'எங்கே கிடைக்கப்போகிறது' என்ற பயத்தில் அதை ஏழாவதாக வைத்து, வீட்டுப் பக்கத்துத் தனியார் கல்லூரியை முதலில் வைத்தால், சேலத்தில் இடம் காலியாக இருந்தாலும் அவனுக்குக் கிடைப்பது பக்கத்துக் கல்லூரிதான். எட்டாத கல்லூரியை மேலே வைப்பதால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆசைப்படுகிற வரிசையிலேயே எழுதுங்கள். பத்துப் பதினைந்தோடு நிறுத்தவும் வேண்டாம், எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

அப்புறம் அந்த அப்வர்ட் விருப்பம், அதாவது கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே வைத்தது காலியானால் அதற்கு மாறக் காத்திருப்பது. மேலே வைத்த கல்லூரி கிடைத்துவிட்டால், கையில் இருந்த இடம் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. அதனால் முதல் நாள் அவசரத்தில் போட்ட வரிசைதான் கடைசி வரை உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

கல்லூரியின் குறியீட்டு எண்ணைச் சரிபார்க்காமல் விடுவது இன்னொரு தவறு. அண்ணா பல்கலைக்கழகம் என்ற பெயரைப் பார்த்ததும் கிண்டி என்று நினைத்துவிடுகிறார்கள். விழுப்புரம், திண்டிவனம், ஆரணி, பண்ருட்டி என்று பல ஊர்களில் அதன் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. கிண்டி வளாகத்தின் குறியீட்டு எண் 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு 4. போன வருட கட்-ஆஃப் பார்க்கும்போதும் உங்கள் சமூகப் பிரிவுக்கான எண்ணைப் பாருங்கள், பொதுப்பிரிவு எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம்.

தரத்தைச் சொல்லும் சான்றுகளில், நாக் (NAAC) சான்று கல்லூரி முழுவதற்குமானது, என்.பி.ஏ. (NBA) அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனி. நீங்கள் சேரப்போகும் பிரிவுக்கு என்.பி.ஏ. இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். தேர்ச்சி விகிதத்தை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துகின்றன, அதனால் அவற்றின் விகிதத்தை மற்ற கல்லூரிகளோடு அப்படியே ஒப்பிட முடியாது.

விளம்பரப் பலகையில் உள்ள பெரிய சம்பளம் ஒரே ஒரு மாணவருக்குக் கிடைத்ததாக இருக்கலாம். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கல்லூரிகள் கொடுக்கும் விவரத்தில் வேலை பெற்றவர்கள் எண்ணிக்கையும் இடைநிலைச் சம்பளமும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் சம்பளம்) இருக்கும். அதை எடுத்துப் படியுங்கள். ஒருமுறை நேரில் போய், மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் வகுப்புக்கு யார் வருகிறார் என்று கேளுங்கள். ஒரே ஆசிரியரைப் பல கல்லூரிகள் தங்கள் கணக்கில் காட்டியிருந்ததை 2024-இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டு வந்தது. பட்டியலில் உள்ள ஆசிரியர் பெயர்களை மட்டும் நம்ப முடியாது.

பிளஸ் டூ முடிவு வருவதற்குள் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு முன்பணம் கட்டச் சொல்லி நெருக்குவார்கள். அப்படிச் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை கிடையாது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கிடையாது. கட்டிவிட்டீர்களா? விலகுவதற்கான கடைசித் தேதிக்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக்கூடாது, ஒரிஜினல் சான்றிதழ்களையும் நிறுத்திவைக்கக்கூடாது என்பது தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. அதைச் சொல்லி எழுத்துமூலம் கேளுங்கள்.