மென்பொருள் சோதனையிலிருந்து ஆய்வுக்கு: சென்னையில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பழைய மகாபலிபுரம் சாலையில் தரமணியிலிருந்து சிறுசேரி வரை வரிசையாக நிற்கும் அலுவலகங்களில் மென்பொருள் சோதனையைத் தொழிலாகக் கொண்டவர்கள் ஏராளம். அவர்களில் சிலருக்கு, எழுதிய டெஸ்ட் கேஸ்கள் அனைத்தும் தேறிவிட்டன என்று அறிக்கை அனுப்பும்போதே, அதனால் இந்த மென்பொருளைப் பற்றி நமக்கு உண்மையில் என்ன தெரிந்துவிட்டது என்ற கேள்வியும் எழுவதுண்டு. அந்தக் கேள்வி உங்களை விடாமல் துரத்துகிறதென்றால், இந்த வழிகாட்டி உங்களுக்கானது. கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது பார்வையை. அலுவலகத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துப் பதிவு செய்து, அது திருத்தப்பட்டதும் அடுத்ததற்குப் போய்விடுகிறோம். ஆய்வாளர் அந்தப் பிழையோடு இன்னும் சிறிது காலம் இருக்கிறார். அது எந்த வகையைச் சேர்ந்தது, நம் சோதனைகள் ஏன் அதைத் தவறவிட்டன, அந்த வகை முழுவதையும் பிடிக்கும் முறை ஒன்று இருக்க முடியுமா என்று கேட்கிறார். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் மற்றவற்றைக் கற்றுக்கொள்ளலாம். இது வராமல் எத்தனை கருவிகளைக் கற்றாலும் ஆய்வு தொடங்காது என்பது என் உறுதியான கருத்து.

இதற்கான முதல் பயிற்சியாக இருபகுப்புத் தேடலை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசைப்படுத்திய பட்டியலில் ஓர் எண்ணைத் தேட, தொடக்க இடத்தையும் முடிவு இடத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து நடு இடத்தைக் காண்கிறோம். கல்லூரி முதலாண்டிலேயே எழுதிப் பழகும் இந்த நிரல், ஜாவா மொழியின் நூலகத்தில் பல ஆண்டுகள் பிழையோடு இருந்ததை அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006-இல் தாமே வெளியிட்டார். தொடக்கம் 150 கோடி, முடிவு 160 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 310 கோடி வர வேண்டும். ஆனால் 32 பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப்பெரிய மதிப்பு 2,14,74,83,647 மட்டுமே. ஆகவே கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டிச் சுழன்று −1,19,49,67,296 ஆகிவிடுகிறது. அதைப் பாதியாக்கினால் நடு இடம் −59,74,83,648 என்று வருகிறது. பட்டியலில் அப்படி ஓர் இடமே கிடையாது. நிரல் அங்கேயே விழுந்துவிடும்.

இதைத் தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். பிறகு மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். சோதனை இதை ஏன் பிடிக்கவில்லை? பட்டியலில் ஏறத்தாழ 107 கோடிக்கு மேல் உறுப்புகள் இருந்தால்தான் பிழை வெளிப்படும். அவ்வளவு பெரிய பட்டியலைக் கொண்டு அந்நாளில் யாரும் சோதித்ததில்லை. சரி, நிறுவல், அதாவது நிரல் சரியென்று காட்டும் கணித நிரூபணம், ஏன் பிடிக்கவில்லை? தேடும் எண் பட்டியலில் இருந்தால் அது எப்போதும் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில்தான் இருக்கும் என்ற மாறாக் கூற்றை வைத்து இந்த நிரல் சரியென்று நிறுவலாம். அந்த நிறுவலில் தவறில்லை. ஆனால் அது கணிதத்தின் எல்லையற்ற முழு எண்களுக்கு உரியது, கணினியின் 32 பிட் எண்களுக்கு உரியதல்ல. மூன்றாவது, முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்துப் பாதியாக்கித் தொடக்கத்தோடு கூட்டினால் பிழை ஏன் நீங்குகிறது என்பது. இந்த விடையை நான் தரப்போவதில்லை. அதை ஐயமின்றி எழுத முடிந்தால் நீங்கள் முதல் நிறுவலை எழுதிவிட்டீர்கள்.

சோதனையால் பிழை இருப்பதைக் காட்டலாமே தவிர இல்லாததைக் காட்ட முடியாது என்று கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா சொன்னதை வைத்துக்கொண்டு சோதனையைத் தாழ்வாகப் பேசுவோர் உண்டு. மேலே உள்ள எடுத்துக்காட்டு, நிறுவலும் அதன் அனுமானங்கள் வரைதான் செல்லுபடியாகும் என்பதைக் காட்டுகிறது. ஆகவே தொடக்கத்திலேயே சோதனைப் பக்கம், நிறுவல் பக்கம் என்று அணி சேர வேண்டாம். இரண்டும் கலந்த இடத்தில்தான் நல்ல ஆய்வுகள் பல பிறந்திருக்கின்றன. உள்ளீடுகளில் எண்களுக்குப் பதில் குறியீடுகளை வைத்து நிரலை ஓட்டிப்பார்க்கும் சிம்பாலிக் எக்ஸிக்யூஷன் என்ற உத்தியையும் உண்மையான இயக்கத்தையும் இணைத்து 2005-இல் வந்த டார்ட் என்ற கருவியும், அதே வழியில் 2008-இல் வந்த கிளீ என்ற கருவியும் இதற்குச் சான்று. அவை, நிபந்தனைகளுக்குப் பொருந்தும் மதிப்புகளைத் தேடித்தரும் தீர்வி என்ற மென்பொருளைக் கொண்டு டெஸ்ட் கேஸ்களைத் தாமே உருவாக்கின.

கணிதத்தில் தேவைப்படுவது தர்க்கம், கணக்கோட்பாடு (செட் தியரி), கணிக்கும் பொறிகளின் கணித மாதிரிகளைப் பற்றிய ஆட்டோமேட்டா கோட்பாடு, சிறிது நிகழ்தகவு. கணினி அறிவியலாளர் ஹோர் 1969-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை சில பக்கங்களே கொண்டது. நிரலைப் பற்றி எப்படி வாதிடுவது என்பதை அதிலிருந்தே கற்கலாம். ஒரு அமைப்பு அடையக்கூடிய நிலைகளையெல்லாம் கணினியே ஆராய்ந்து சரிபார்க்கும் மாடல் செக்கிங் முறைக்காக கிளார்க், எமர்சன், சிஃபாக்கிஸ் மூவரும் கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருதை 2007-க்குப் பெற்றனர். அந்த முறையைச் சென்னைக் கணிதவியல் கழகப் பேராசிரியர் ஒருவரே நடத்திய பாடமாக என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் தளத்தில் இலவசமாகக் காணலாம். கருவிகளில் இசட்3 என்ற தீர்வியையும் சி மொழி நிரல்களைச் சரிபார்க்கும் சிபிஎம்சி என்ற கருவியையும் கையாளப் பழகினால் தொடக்கத்துக்குப் போதும். மேற்சொன்ன தேடல் நிரலைச் சி மொழியில் எழுதி, எண் வரம்பு மீறலைச் சரிபார்க்கும்படி சிபிஎம்சியை இயக்குங்கள். அது காட்டும் எதிர்க்காட்டை, அதாவது பிழையை வெளிப்படுத்தும் உள்ளீட்டையும் இயக்கத்தையும், படிக்கத் தெரிவது பெரிய தேர்ச்சி.

சென்னையில் இருப்பது இந்தத் துறைக்கு ஓர் அனுகூலம். சிறுசேரி சிப்காட் வளாகத்தில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகம் ஆட்டோமேட்டா கோட்பாட்டிலும் நிரல்களைக் கணித முறையில் சரிபார்க்கும் முறைசார் சரிபார்ப்பிலும் உலகளவில் அறியப்பட்ட இடம். தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும் அதற்கு அருகிலேயே சென்னை ஐ.ஐ.டி.யும் இருக்கின்றன, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம். பொறியியல் படித்து வேலையில் இருப்பவர்கள் நேரே முனைவர் பட்டத்துக்குப் போகாமல், ஐ.ஐ.டி.யின் ஆய்வுவழி எம்.எஸ். பட்டத்தைப் பற்றி முதலில் யோசிக்கலாம் என்பேன். ஆய்வு உங்களுக்கு ஒத்துவருமா என்பதைக் குறைந்த காலத்தில் அறிய அது உதவும். வேலையை விட முடியாதவர்களுக்குப் பகுதிநேரப் பதிவும் உண்டு, ஆனால் கோட்பாட்டுப் பக்கம் போக விரும்புவோருக்கு அது மிகக் கடினமான பாதை. வருமானத்தையும் வீட்டாரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். யு.ஜி.சி. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 தொடக்கத்திலிருந்து மாதம் 37,000 ரூபாய். அனுபவமுள்ள பொறியாளரின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இது குறைவுதான்.

வழிகாட்டும் பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில் மதிப்பெண்களையும் சான்றிதழ்களையும் அடுக்க வேண்டாம். அவருடைய ஆய்வுக்கட்டுரை ஒன்றை முழுமையாகப் படித்து, அதில் உங்களுக்குப் புரியாத ஓர் இடத்தையோ, உங்கள் அலுவலக அனுபவத்தில் அந்த முறை தடுமாறக்கூடிய ஒரு சூழலையோ குறிப்பிட்டு, மரியாதையோடு கேளுங்கள். பெயரை மட்டும் மாற்றி எல்லாருக்கும் அனுப்பிய மின்னஞ்சலை அவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஆய்வுக்குரிய கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்போது, உங்கள் தொழில் அனுபவத்தைக் கைவிடாதீர்கள். ஒருமுறை தேறியும் மறுமுறை தோற்றும் போகும் டெஸ்ட்கள், சரியான விடை இன்னதென்று யாராலும் சொல்ல முடியாத கணக்கீடுகள், பல்லாயிரம் டெஸ்ட்களில் எவற்றை முதலில் ஓட்டுவது என்ற குழப்பம் ஆகியவை அலுவலகத்தில் அன்றாடத் தொல்லைகள். ஆய்வுலகில் இன்றும் தீராத கேள்விகள். அவற்றை அருகிலிருந்து பார்த்தவர் என்பது உங்கள் பலம். ஆனால் நிறுவனத்தின் நிரலையோ பிழைப் பதிவுகளையோ எழுத்துப்பூர்வமான அனுமதியின்றி ஆய்வுக்குப் பயன்படுத்தக் கூடாது. அனுமதி கிடைக்காவிட்டால் டிஃபெக்ட்ஸ்4ஜே போன்ற பொதுத் தொகுப்புகள் இருக்கின்றன. உண்மையான ஜாவா திட்டங்களில் நிகழ்ந்த பிழைகள், அவற்றை வெளிப்படுத்தும் டெஸ்ட்களோடு அதில் திரட்டப்பட்டுள்ளன.

புதிய முறை ஒன்றை உருவாக்கியதும் அது பழையதைவிட மேல் என்று காட்டும் கட்டம் வரும். பலரும் சறுக்குவது இங்கேதான். தாறுமாறான உள்ளீடுகளை ஊட்டி நிரலை விழவைக்கும் ஃபஸ்ஸிங் முறை பற்றிய 32 ஆய்வுக்கட்டுரைகளை 2018-இல் ஒரு குழு ஆராய்ந்தது. அவை அனைத்தின் மதிப்பீட்டு முறையிலும் ஏதோ ஒரு குறை இருந்தது. ஃபஸ்ஸிங்கில் தற்செயலுக்கு இடமிருப்பதால், ஒரே ஓட்டத்தின் முடிவை வைத்து இரண்டு கருவிகளை ஒப்பிடுவது பொருளற்றது. ஒவ்வொன்றையும் பலமுறை, போதிய நேரம் ஓட்டி, வேறுபாடு தற்செயலானதல்ல என்பதைப் புள்ளியியல் சோதனையால் காட்ட வேண்டும். நிரல் எத்தனை முறை விழுந்தது என்று எண்ணுவதைவிட, வெவ்வேறான பிழைகள் எத்தனை என்று எண்ணுவதே நேர்மையானது. ஒரே பிழை நூறு விதமாக வெளிப்படலாம்.

ஐ.சி.எஸ்.இ., இஸ்டா, சி.ஏ.வி. போன்ற இத்துறையின் பன்னாட்டு மாநாடுகளுக்குக் கட்டுரை அனுப்புவதற்கு முன், இந்தியாவிலேயே நடக்கும் எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ்., ஐ.எஸ்.இ.சி. மாநாடுகளுக்கு ஒருமுறை பார்வையாளராகவாவது சென்று வாருங்கள். எப்படிக் கேள்வி கேட்கப்படுகிறது, எந்தப் பதிலை அவையினர் ஏற்கிறார்கள் என்பதை நேரில் பார்ப்பது பெரிதும் பயன்படும். கட்டுரை ஏற்கப்பட்ட பின் கருவியையும் தரவையும் தனிக்குழு ஒன்று இயக்கிப் பார்க்கும் வழக்கம் 2011-இல் தொடங்கி இன்று பல மாநாடுகளில் நிலைத்துவிட்டது. அதற்குத் தயாராகும்போது, உங்கள் தொகுப்பை இந்த ஆய்வைப் பற்றி ஏதும் அறியாத ஒரு நண்பரிடம் கொடுத்து, அவருடைய கணினியில், நீங்கள் எழுதிய குறிப்பை மட்டும் பார்த்து இயக்கச் சொல்லுங்கள். அவர் உங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நேரும் ஒவ்வொரு விவரமும் அந்தக் குறிப்பில் விடுபட்டது. அவற்றைச் சேர்த்து, அவர் கேள்வியின்றி இயக்கி முடித்த பிறகு தொகுப்பை அனுப்புங்கள்.