திரை மூலையில் க்யூஆர் கோடு: டிவி பார்த்து நன்கொடை கொடுப்பவர்களுக்கு

பாட்டுப் போட்டிக்கு நடுவே விளக்கு மங்கும். வயலின் இழையும். ஒரு குடும்பம் மேடையேறும், திரை மூலையில் க்யூஆர் கோடு முளைக்கும். மூன்றே நிமிடத்தில் ஐந்நூறு ரூபாய் போய்விடும். கொடுத்ததில் தப்பே இல்லை. டிவி காட்டியிராவிட்டால் அந்தக் குடும்பம் நம் கண்ணில் பட்டிருக்காது. ஆனாலும் மறுநாள் காலையில் உறுத்தும்: பணம் யார் கணக்குக்குப் போனது, அழுகிற முகத்தை அத்தனை நேரம் காட்ட வேண்டுமா, இடைவேளை விளம்பரத்தில் சேனலுக்கு எவ்வளவு?

இந்த உறுத்தல் புதிதல்ல. அமெரிக்காவில் தசைச்சிதைவு நோய்க்காக நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸ் 1966 முதல் 2010 வரை ஆண்டுதோறும் டிவியில் மணிக்கணக்கில் நிதி திரட்டினார். எதிர்த்துக் கொடி பிடித்தவர்களில் அந்த நோய் உள்ளவர்களே இருந்தார்கள். எங்களைப் பாவமாகக் காட்டிப் பணம் சேர்த்தால் நாளைக்கு யார் எங்களுக்கு வேலை கொடுப்பார்கள் என்பது அவர்கள் கேள்வி. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளக்க ஒரு ராத்திரி அவகாசமும் அரை மணி வேலையும் போதும்.

ராத்திரியே அனுப்பாதீர்கள்

திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு படுத்துவிடுங்கள். ஒளிபரப்பாவதற்குப் பல நாள் முன்பே எடுத்த நிகழ்ச்சிதான் பெரும்பாலும். நீங்கள் காலையில் அனுப்பினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. போட்டோவில் அறக்கட்டளையின் முழுப்பெயர் தெரிய வேண்டும். ஒரே மாதிரிப் பெயரில் ஊருக்கு நாலு டிரஸ்ட் உண்டு.

காலையில் அந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து ஒரு ரூபாய் என்று அடியுங்கள். பின் நம்பர் போடும் முன்பே யுபிஐ செயலி பணம் பெறுபவரின் பெயரைக் காட்டும். அது அறக்கட்டளையின் பெயராக இருக்க வேண்டும். நிர்வாகி, ஒருங்கிணைப்பாளர், அவர் தம்பி என்று தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வாட்ஸப்பில் சுற்றும் நிகழ்ச்சித் துணுக்குகளில் கோடை மட்டும் வெட்டி வேறு கோடு ஒட்டுவது சுலபம். அதனால் அறக்கட்டளையின் சொந்த இணையதளத்தில் உள்ள கணக்கு விவரத்தோடும் ஒருமுறை ஒப்பிடுங்கள்.

அடுத்தது அவர்களுடைய பேன் எண். கூச்சப்படாமல் கேளுங்கள். ஒழுங்கான இடம் கேட்கும் முன்பே ரசீதில் அச்சிட்டிருக்கும். பத்து இலக்கத்தில் நான்காவது எழுத்தைப் பாருங்கள்: டிரஸ்ட் என்றால் டி, கம்பெனியாகப் பதிந்திருந்தால் சி, சங்கமென்றால் பெரும்பாலும் ஏ. ‘பெர்சன்’ என்பதன் முதலெழுத்தான பி இருந்தால் அது தனிநபரின் பேன். லெட்டர்பேடில் என்ன பெயர் இருந்தாலும் சரி.

தொண்டு அமைப்புகளுக்காக மத்திய அரசின் நிதி ஆயோக் நடத்தும் தர்பன் தளத்தில் பதிந்திருக்கிறோம் என்பார்கள். பதிந்திருப்பது நல்லதுதான், ஆனால் அது அவர்களே நிரப்பிய விவரம். அரசு கொடுத்த நற்சான்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

80ஜி: அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது

வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவை வைத்து ‘உங்கள் பணத்துக்கு வரி விலக்கு உண்டு’ என்று தொகுப்பாளர் சொல்வது பாதி உண்மை. பத்தாயிரம் கொடுத்தால் வரியில் பத்தாயிரம் குறையாது. வழக்கமான அறக்கட்டளைக்குக் கொடுத்ததில் பாதி, அதாவது ஐயாயிரம், உங்கள் வருமானத்திலிருந்து கழியும். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு செஸ்ஸோடு சேர்த்து மிச்சம் 1,040 ரூபாய். 30 சதவீதத்தில் இருப்பவருக்கு 1,560. இதற்கும் மொத்த வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. முதலமைச்சர் பொது நிவாரண நிதி, பிரதமரின் தேசிய நிவாரண நிதி போன்றவற்றுக்கு முழுத்தொகையும் கழியும், வரம்பு கிடையாது.

புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இது எதுவும் கிடையாது. 2023-24 நிதியாண்டிலிருந்து நீங்கள் மாற்றிக் கேட்காதவரை புதிய முறைதான். சம்பளக்காரர்கள் பலர் இதைக் கவனிக்காமல் மார்ச் மாதம் அவசர அவசரமாக நன்கொடை கொடுத்துவிட்டு ஜூலையில் ஏமாறுகிறார்கள்.

2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவே இல்லை. அரிசி மூட்டை, போர்வை, சக்கர நாற்காலி என்று பொருளாகக் கொடுத்தாலும் இல்லை.

பழைய சான்றிதழ்களில் உஷாராக இருங்கள். 2021 ஏப்ரலுக்குப் பிறகு எல்லா அறக்கட்டளைகளும் புதிதாகப் பதிய வேண்டியிருந்தது. இப்போது கிடைக்கும் அனுமதி நிரந்தரமல்ல, பொதுவாக ஐந்து ஆண்டு. ‘80ஜி நிரந்தரம்’ என்ற 2010ஆம் ஆண்டுச் சான்றிதழின் ஜெராக்ஸைக் காட்டுகிறவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்றில்லை. ஆடிட்டர் சொன்னதைக் கேட்காமல் விட்டவர்களாக இருக்கலாம். உங்களுக்குக் கழிவு கிடைக்காது, அவ்வளவுதான். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் அதன்பின் 80ஜி என்ற எண்ணே இல்லை. ரசீதில் வேறு பிரிவு எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்.

குழந்தைகள் இல்லம் என்றால்

ஆதரவற்ற பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, கேமரா முகம் முகமாக நகர்ந்தால், அதுவே முதல் எச்சரிக்கை. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், பள்ளி என்று அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. நல்ல இல்லங்கள் பிள்ளைகளின் முதுகையும் கைகளையும் கோலம் போட்ட வாசலையும்தான் காட்டும். இல்லம் அந்தச் சட்டப்படி பதிவு பெற்றிருக்கவும் வேண்டும். சந்தேகமிருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம்.

பிறந்தநாள் சாப்பாடு போட நினைப்பவர்களுக்கு ஒன்று. தீபாவளி, பொங்கல், ஆகஸ்ட் 15 எல்லாம் பல இல்லங்களில் மூன்று வேளையும் ஸ்பான்சர் நிரம்பி, மதியம் ஒரு குடும்பம் பிரியாணி, நாலு மணிக்கு இன்னொரு குடும்பம் கேக். ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமையன்று கரண்ட் பில் கட்டக் காசிருக்காது. வார்டன் சம்பளத்துக்கும் பில்லுக்கும் என்று சொல்லிக் கொடுங்கள். போட்டோ கிடைக்காது, ஆனால் அதுதான் இல்லத்தை ஓட்டும் பணம்.

ஆபரேஷனுக்குப் பணம் கேட்டால்

மருத்துவமனையின் எண்ணை நீங்களாகத் தேடி எடுத்துக் கூப்பிடுங்கள். விளம்பரத்தில் உள்ள எண் வேண்டாம். நோயாளி விவரம் எதையும் அவர்கள் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. இந்த அட்மிஷன் எண்ணுக்கு நேரடியாகப் பணம் கட்ட முடியுமா என்று மட்டும் கேளுங்கள். முடியுமென்றால் அதுவே சிறந்த வழி. தனிநபர் கணக்கில் உறவினரல்லாதவர்கள் போடும் பணம் ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் அவர்களுடைய வருமானமாகக் கணக்காகி வரியும் வரலாம். தனி ஆளுக்குக் கொடுப்பதற்கு உங்களுக்கு 80ஜியும் கிடையாது.

தமிழ்நாட்டுக் குடும்பம் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கேட்டார்களா என்று விசாரியுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை உண்டு. அட்டை எடுக்காததால் மட்டுமே கையேந்தும் நிலைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒருநாள் கூடவே அலைந்து அட்டை எடுத்துக் கொடுப்பது ஆயிரம் ரூபாயைவிடப் பெரிய உதவி.

கூட்டு நிதி திரட்டும் தளங்களில் அனுப்பினால் கடைசித் திரையில் நிதானியுங்கள். தளத்துக்கு ‘டிப்ஸ்’ என்று ஒரு சதவீதம் தானாகவே சேர்ந்திருக்கும். அதைக் கீழே இழுத்துப் பூஜ்யமாக்க முடியும். தளம் நடத்தவும் செலவாகிறது, கொடுப்பது பிழையில்லை, தெரிந்து கொடுங்கள். மீந்த பணம் என்னவாகும், சிகிச்சை பலிக்காவிட்டால் என்னவாகும் என்ற கேள்விக்கு அந்தப் பக்கத்திலேயே பதில் இருக்க வேண்டும்.

அப்படியானால் எங்கே?

கேமராவுக்கு அழகாக வராத வேலை எங்கே நடக்கிறதோ அங்கே. சென்னையில் 1993இல் தொடங்கிய பான்யன், தெருவில் அலையும் மனநலம் குன்றிய பெண்களை வைத்துப் பார்க்கிறது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் உருவான அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. படித்த அரசுப் பள்ளிக்குச் செய்ய நினைப்பவர்கள், 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்தே கொடுக்கலாம்.

இந்த வேலைக்கு மட்டும் என்று கட்டிப்போடாமல் கொடுத்தால் இன்னும் நல்லது. 2004 சுனாமிக்குப் பின் எல்லை கடந்த மருத்துவர்கள் அமைப்பு ஒரு வாரத்திலேயே, சுனாமிக்கு வேண்டிய பணம் வந்துவிட்டது, இனி பொது நிதிக்குக் கொடுங்கள் என்று அறிவித்தது. டிவி எதைக் காட்டுகிறதோ அங்கே பணம் தேங்கும், காட்டாத இடம் காயும். அதே சமயம் நாகப்பட்டினம் சாலையோரங்களில் யாரும் தொடாத பழைய துணி மலைபோல் கிடந்தது. பேரிடருக்கு உடுத்திய துணி அனுப்ப வேண்டாம்.

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு: இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம். கனடா, பிரிட்டன் குடியுரிமை வாங்கிவிட்டால், ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவுள்ள அமைப்பு மட்டுமே, டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில் மட்டுமே, வாங்க முடியும். அண்ணன் கணக்குக்கு அனுப்பி அவர் வழியாகக் கொடுப்பது நல்ல அறக்கட்டளையைத்தான் சிக்கலில் மாட்டும்.

கொடுத்த பிறகு

ரசீதோடு விட்டுவிடாதீர்கள். கழிவு கோருகிறவர்களுக்கு 10பிஇ என்ற சான்றிதழ் வர வேண்டும். நன்கொடையாளர் பட்டியலை அறக்கட்டளை அடுத்த மே 31க்குள் வரித்துறைக்குத் தாக்கல் செய்தால்தான் அது வரும். தாமதித்தால் அவர்களுக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் உங்கள் பேன் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருப்பது, அல்லது யுபிஐயில் அனுப்பிவிட்டுப் பேன் எண்ணையே தராமல் விட்டது. பணம் அனுப்பிய அன்றே பெயர், பேன், முகவரி, பரிவர்த்தனை எண் நான்கையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். ஜூன் முதல் வாரத்தில் அதே மின்னஞ்சலுக்கு அடியில் ‘10பிஇ வரவில்லை’ என்று ஒரு வரி எழுதினால் போதும்.