விபத்துக்குப் பின் ஓட்டுநரை மீண்டும் பணிக்குக் கொண்டுவரும் முறை

தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் பேருந்து ஓட்டுபவருக்கும் மயிலாடுதுறை வழியே ரயில் இயக்கும் லோகோ பைலட்டுக்கும் பொதுவான துன்பம் ஒன்று உண்டு. தம் வண்டியில் ஒருவர் அடிபட்டு இறந்தால், தவறு யாருடையதாயினும், அந்தச் சத்தம் அவர்களோடு வீடுவரை வந்துவிடும். பிரேக் பிடித்த பிறகும் ரயில் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும் என்பதால், ஒன்றும் செய்ய இயலாமல் பார்த்திருந்த அந்த நொடிகளே பின்னர் திரும்பத் திரும்ப வரும்.

முதலில் அவரை அவ்விடத்திலிருந்து அகற்றி, எஞ்சிய நடையை வேறு ஓட்டுநரிடம் ஒப்படையுங்கள். காவல் நிலையத்துக்குத் தனியே அனுப்பாதீர்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக, பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்கீழ் பேருந்து ஓட்டுநர்மீது வழக்கு வரக்கூடும். இறந்தவரைப் பற்றிய துயரமும் வழக்கைப் பற்றிய அச்சமும் அவருக்குள் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும். வழக்கு வேலையைத் தொழிற்சங்கத்தார் ஏற்றுக்கொண்டால் துயரப்படவாவது அவருக்கு இடம் கிடைக்கும்.

பணிமனை ஓய்வறையில் ஆளாளுக்கு “எப்படி அடிபட்டது?” என்று கேட்பதை நிறுத்துங்கள். நடந்ததை உடனே முழுவதும் சொல்லவைத்தால் பாரம் இறங்கும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் ஒரே அமர்வில் அவ்வாறு பேசவைப்பது பிந்தைய பாதிப்பைத் தடுப்பதில்லை என ஆய்வுகள் காட்டியுள்ளன. அவராகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். தூக்கத்துக்கென்று மது வாங்கித் தரும் நண்பரைத் தள்ளியே வையுங்கள். வீட்டார் திருஷ்டி கழித்தாலும், வைத்தீசுவரன் கோயிலுக்கு அழைத்துச் சென்றாலும் ஏளனம் வேண்டாம். அது மருத்துவத்துக்கு மாற்றாகாமல் இருந்தால் போதும்.

கெட்ட கனவு, திடுக்கிடல், ஹார்ன் ஒலிக்கே உடல் நடுங்குதல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். தாம் சாவதைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் காத்திராதீர்கள், தனியே விடாதீர்கள்.

மிகக் கடினமானது அதே இடத்தைக் கடப்பது. வாய்க்காலை ஒட்டி ஊருக்கு ஊர் நின்று செல்லும் டெல்டாச் சாலையில், இறந்தவரின் ஊர் நிறுத்தத்தில் நாள்தோறும் வண்டியை நிறுத்த வேண்டியிருக்கும். ஏறுபவர்கள் உறவினராகவும் இருக்கலாம். ஆகவே முதலில் ஒரு நண்பரோடு பயணியாக அவ்வழியே செல்லட்டும், பிறகு பகலில் ஓட்டட்டும், இரவுப் பணி கடைசியில் வரட்டும். தடத்தை மாற்றுவதானால் அவரைக் கேட்டே மாற்றுங்கள். கேளாமல் மாற்றினால் அது தண்டனையாகவே படும்.

நடத்துநரையும் உதவி லோகோ பைலட்டையும் பெரும்பாலும் எவரும் விசாரிப்பதில்லை. இறங்கிச் சென்று உடலை அருகில் பார்த்தவர் பல நேரங்களில் அவராகவே இருப்பார் என்பதால், மேற்சொன்ன ஓய்வும் கவனிப்பும் அவருக்கும் அன்றே தொடங்கட்டும்.