எம்.எஸ். சுவாமிநாதன் நினைவாக மொட்டை மாடியில் இரண்டு தொட்டி நெல்

சுவாமிநாதன் கும்பகோணத்தில் பிறந்தது 1925 ஆகஸ்ட் 7. சென்னையில் மறைந்தது 2023 செப்டம்பர் 28. பிறந்த தேதியில் 160 நாள் வயதுள்ள மாப்பிள்ளைச் சம்பாவையும், மறைந்த தேதியில் 105–110 நாள் வயதுள்ள கோ 51 ரகத்தையும் விதைத்தால், சில நாள் முன்னே பின்னே இரண்டும் பொங்கலையொட்டி அறுப்புக்கு வரும்.

ஏன் இரண்டு? முன்னது நெட்டை, பின்னது குட்டை. நெட்டைப் பயிருக்கு உரம் போட்டால் கதிர் கனத்து, தண்டு தாங்காமல் சாய்ந்துவிடும். கோதுமையில் இந்த முட்டுக்கட்டையை உடைக்கத்தான் அமெரிக்க வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக்கின் மெக்சிகோ குட்டை ரகங்களை 1963-இல் சுவாமிநாதன் இங்கே வரவழைத்தார். நெல்லில் 1966-இல் வந்த ஐ.ஆர். 8 என்ற குட்டை ரகம் அதையே செய்தது. அதை வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம்.

ஒன்றரை அடி அகலம், ஓரடி ஆழத்தில் ஓட்டையில்லாத பிளாஸ்டிக் தொட்டி வாங்குங்கள். தேங்காய் நார்க்கழிவு வேண்டாம், தண்ணீரில் மிதக்கும். ஏரி வண்டலும் தொழுவுரமும் போட்டுச் சேறாகப் பிசைந்து, மேலே நான்கு விரற்கடை விடுங்கள். ஈரத்தோடு கனம் அதிகம், ஆகவே சுவரோ பீமோ தாங்கும் இடத்தில் வையுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 150 கிராம் உப்பைக் கரைத்து விதையைப் போட்டால் பதர் மிதக்கும். அடியில் தங்கியதை மூன்று முறை நன்றாக அலசி, ஓரிரவு ஊறவைத்து, ஈரச்சாக்கில் ஒரு நாள் முளைகட்டித் தூவுங்கள். கோ 51 நாற்றை 15 நாளிலும் சம்பாவை 25 நாளிலும் பறித்து, தொட்டிக்கு நான்கு குத்து, குத்துக்கு இரண்டு நாற்று, ஒரு அங்குல ஆழத்தில் நடுங்கள். ஆழமாகப் புதைத்தால் தூர் கட்டாது, அதாவது பக்கக் கிளைகள் வெடிக்காது.

இரண்டங்குலம் தண்ணீர் போதும். ஐந்து நாளுக்கொருமுறை முழுக்க வற்றவிடுங்கள். இல்லையென்றால் கொசு பெருகும், டெங்கு வரும். கடலோரப் பகுதிகளில் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் இலைநுனி கருகும். ஆர்.ஓ. கழிவுநீர் அதைவிட மோசம். மழைநீர் பிடித்து வைப்பதே நல்லது.

யூரியா தொட்டிக்கு மொத்தம் ஒரு டீஸ்பூன். கால் கால் ஸ்பூனாக, நட்ட பத்தாம் நாள், தூர் கட்டும்போது, பொதி உருளும்போது (கதிர் தண்டுக்குள் திரளும்போது), கதிர் தலைகாட்டும்போது என நான்கு தடவை. இரண்டு தொட்டிக்கும் ஒரே அளவு, முட்டுக்கொடுக்கக் கூடாது. மார்கழிக் காற்றுக்குச் சம்பா சாயும், கோ 51 நிற்கும்.

பூக்கும் நேரம் முற்பகல். உமி விரிந்து மஞ்சள் மகரந்தப் பைகள் தொங்கும். அப்போது தண்ணீர் தெளித்தால் பதராகும். பால் பிடித்ததும் கொசுவலை போர்த்துங்கள், குருவியும் கிளியும் விடாது.

அறுத்துக் காயவைத்தபின் சமையலறைத் தராசில் நெல்லையும் வைக்கோலையும் தனித்தனியே நிறுங்கள். நெட்டையில் மணி மொத்த எடையில் மூன்றிலொரு பங்கை ஒட்டியும், குட்டையில் பாதியை ஒட்டியும் நிற்கும். விதைக்கு எடுத்துவைப்பதை மட்டும் கடித்துப் பாருங்கள். ‘டக்’கென்று உடையாமல் நசுங்கினால் இன்னும் இரண்டு நாள் நிழலில் காயவேண்டும்.